கிளிப்ஷ் அடுத்த தலைமுறைக்குக் காத்திருப்பதா, பூச்சு வேலைக்கு முன்னால் முடிவெடுப்பதா?

மாடி_தியேட்டர் | அழகாபுரம்

வணக்கம். மொட்டை மாடியில் 12க்கு 18 அடியில் ஓர் அறை எழும்பி நிற்கிறது, 10 அடி உயரத்தில் காங்கிரீட் தளமும் போட்டாயிற்று. மேஸ்திரி உள்பூச்சுக்கு ஆள் விடத் தயார், அதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் சுவரில் காடி எடுத்து பைப் பதிக்க வேண்டும், ஸ்பீக்கர் எங்கே வரும் எத்தனை வரும் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். எந்த ஸ்பீக்கர் என்பதே முடிவாகாதபோது நான் என்ன சொல்ல.

மனதில் இருப்பது கிளிப்ஷ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ரெஃபரன்ஸ் பிரீமியர் ஸ்பீக்கர் வரிசை. ஆர்பி-8000எஃப் டவர் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) வந்த தலைமுறை 2018, அதன் இரண்டாம் தலைமுறை 2022. இந்தக் கணக்கில் பார்த்தால் அடுத்தது வரவேண்டிய நேரம் இது. இரண்டாம் தலைமுறையை வாங்கி மாட்டி, பெயின்ட் வாசனை போவதற்குள் புதுசு வந்து நின்றால் வயிறு எரியாதா? 5.1.4 அமைப்பு, அதாவது முன்னால் மூன்று, பக்கத்தில் சரவுண்ட் இரண்டு, அடி சுரத்துக்கு ஒரு சப்வூஃபர், மேலே நான்கு, எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் வரை போகலாம். படம்தான் முக்கியம், பாட்டு அப்புறம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருவோம், அம்மா ஓர நாற்காலியை விட்டு நகரமாட்டார், அவருக்கு வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும்.

ஹாரன்_பிரியன் | குகை

காத்திருங்கள் தம்பி. பால் கிளிப்ஷ் 1946-இல் ஆர்கன்சாவில் ஹோப் என்ற சின்ன ஊரில் ஆரம்பித்த நிறுவனம், அறை மூலையில் நிற்கும் கிளிப்ஷ்ஹார்னை இன்னும் கைவிடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். பெயருக்குப் புதுசு விடுகிறவர்கள் இல்லை. உச்ச சுரத்துக்கான ட்வீட்டருக்கு முன்னால் புனல் மாதிரி இருக்கிறதே ஹாரன், 2022-இல் அதன் வாயைப் பெரிதாக்கினார்கள், ஒலி விரியும் கோணம் 90க்கு 90 டிகிரி. வாய் பெரிதானால் ஹாரன் இன்னும் கீழ் அலைவரிசை வரைக்கும் ஒலியைத் தன் பிடியில் வைத்திருக்கும், கீழ் சுரத்துக்கான வூஃபரும் ட்வீட்டரும் கைமாறும் இடத்தில் ஒலி பக்கவாட்டில் சிதறாது. டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்று இருக்கும் நம் வீடுகளுக்கு இது பெரிய விஷயம். அடுத்த தலைமுறையில் இதை இன்னும் தள்ளுவார்கள் என்று நான் நம்புகிறேன். நான்கு வருடம் பொறுத்தவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

பட்டறை_செவ்வாய்ப்பேட்டை

அண்ணே, ஆடி மாதம் வண்டி வேடிக்கைக்கு உங்கள் ஊரில் கட்டும் மைக்செட் குழாயும் ஹாரன்தானே, அதையே இறக்கி மாடியில் வைத்துவிடலாமே, நான்கு லட்சம் மிச்சம் :)

ஹாரன்_பிரியன் | குகை

சிரியுங்கள் சிரியுங்கள். அந்தக் குழாயும் ஹாரன் தத்துவம்தான், குறைந்த வாட்டில் தெருக்கோடி வரை குரல் போக வேண்டும் என்று செய்தது. அதன் நோக்கம் வேறு, கீழ் சுரம் தேவையே இல்லை. இதில் ஹாரன் ட்வீட்டருக்கு மட்டும்தான், கீழே இருப்பது சாதாரண கோன் வூஃபர்.

அளவுகோல் | சூரமங்கலம்

கொஞ்சம் எண்களோடு பேசுவோம், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்பி-8000எஃப் இரண்டாம் தலைமுறைக்கு 98 டெசிபெல் என்று போட்டிருக்கிறது, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் கேட்கும் அளவு. அது அறைக்குள் சுவரும் தரையும் கைகொடுக்கும் கணக்கு, எதிரொலி இல்லாத கூடத்தில் வைத்து அளந்தால் சில டெசிபெல் இறங்கும். 94 என்றே வைத்துக்கொள்வோம். தம்பி 11 அடியில் உட்காருகிறார் என்றால், 1 மீட்டரில் இருந்த ஒலி அவர் காதுக்கு வரும்போது பத்தரை டெசிபெல் குறைந்திருக்கும், சுவர் உதவியைக் கணக்கில் எடுக்காமல். சினிமா தியேட்டர் தரத்தில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபெல். அதைத் தொட இந்த ஸ்பீக்கருக்கு சுமார் 140 வாட் வேண்டும், 88 டெசிபெல் உள்ள சாதாரண ஸ்பீக்கருக்கு 560 வாட் வேண்டும். பெரிய வித்தியாசம்தான். ஆனால் 12க்கு 18 அறையில் அந்த சத்தத்தில் எந்தக் குடும்பமும் முழுப் படம் பார்க்காது. 10 டெசிபெல் இறக்கினால் 14 வாட், 56 வாட். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டால் நடுத்தர விலை ஆம்ப் இரண்டையும் வியர்க்காமல் ஓட்டும். ஆக, இன்னும் ஒரு டெசிபெல் கூடும் என்று காத்திருப்பதில் இந்த அறைக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பது ஸ்பீக்கரை விட அறையைத்தான். உங்கள் அறையின் நீளத்துக்கு 31, அகலத்துக்கு 47, உயரத்துக்கு 56 ஹெர்ட்ஸில் ஒலி நின்று சுழலும். அமெரிக்க விமர்சனங்களில் பேஸ் எவ்வளவு கச்சிதம் என்று எழுதுகிறார்களே, அவர்களுடைய சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை, அது லேசாக அதிர்ந்து பேஸை விழுங்கிக்கொள்ளும். நமக்கு ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், மேலே காங்கிரீட், எதுவும் அசையாது, இந்த மூன்றும் கொழுத்துக்கொண்டு நிற்கும். எத்தனையாவது தலைமுறை ஸ்பீக்கர் வந்தாலும் இது மாறப்போவதில்லை.

ஹாரன்_பிரியன் | குகை

//14 வாட், 56 வாட்//

கணக்கு சரி. ஆனால் சேலத்து ஏப்ரலில் மொட்டை மாடி அறை, ஏசி முழு வேகத்தில் ஓடும், மேலே ஃபேன் வேறு. அந்த இரைச்சலுக்கு மேலே மெல்லிய சத்தங்கள் கேட்க வேண்டுமானால் எல்லாவற்றையும் தூக்கித்தான் வைக்க வேண்டும். அப்போது உச்சத்துக்கு இடம் வேண்டாமா?

அளவுகோல் | சூரமங்கலம்

அதற்கு இரைச்சல் குறைந்த ஏசி வாங்குவதும் தளத்துக்கு மேல் வெயில் தடுப்பு ஓடு பதிப்பதும் மலிவு.

தறி_பொன்னம்மாபேட்டை

எங்கள் தெருவில் விசைத்தறி ஓடும் நேரத்தில் எந்த ஸ்பீக்கரும் ஒன்றுதான். நான் கதவு இடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டி, ஜன்னலுக்குக் கனமான இரட்டைக் கண்ணாடி போட்ட பிறகுதான் வசனமே கேட்க ஆரம்பித்தது. கதவு பலகைக் கதவாக இருக்கட்டும், உள்ளே பொள்ளலான கதவு வேண்டாம். பூச்சுக்கு முன்னால் இதையும் மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள், நிலை வைக்கும்போதே.

மிளகுக்கொடி | ஏற்காடு

நான் கேஇஎஃப் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் க்யூ வரிசை ஸ்பீக்கருக்காகக் காத்திருந்தவள், அதனால் இந்தத் தவிப்பு புரிகிறது. 2017-இல் ஒரு தலைமுறை, அடுத்தது 2024-இல்தான், மெட்டா என்று பெயர் ஒட்டி வந்தது. ட்வீட்டருக்குப் பின்னால் ஒரு வட்டு, அதற்குள் நீளம் வேறுவேறான சின்னச் சின்ன வளைவழிகள், பின்பக்கம் போகும் ஒலி அதற்குள்ளேயே தீர்ந்துவிடும். 2020-இல் எல்எஸ்50 மெட்டாவில் முதலில் வந்தது அது. கேட்டால் உச்ச சுரங்களில் ஒரு சுத்தம் தெரிகிறது, மறுக்கமாட்டேன். ஆனால் என் வீட்டில் வசனம் தெளிவானதற்கு அது காரணம் இல்லை. அவர்களுடைய சென்டர் ஸ்பீக்கரில், அதாவது வசனத்துக்காகத் திரைக்குக் கீழே நடுவில் வைப்பதில், நடு சுரமும் ட்வீட்டரும் ஒரே மையத்தில் உட்கார்ந்திருக்கின்றன, பழைய தலைமுறையிலும் அப்படித்தான். 1988-இலிருந்து அவர்கள் செய்துவரும் வேலை அது.

அதனால் தம்பி, புதுசு வருகிறதா என்று பார்க்காதீர்கள். சென்டரை மாற்றுகிறார்களா என்று பாருங்கள். ஓர நாற்காலி அம்மாவுக்கு அதுதான்.

மாடி_தியேட்டர் | அழகாபுரம்

அக்கா, சென்டரில் அப்படி என்ன பிரச்சினை? ஆர்பி-504சி இரண்டாம் தலைமுறையில் நான்கு வூஃபர் இருக்கிறதே, அது பெரிய சென்டர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அளவுகோல் | சூரமங்கலம்

அக்காவுக்கு முன்னால் நான் குதிக்கிறேன், இது எனக்குப் பிடித்த சண்டை.

நடுவில் ட்வீட்டர், இரண்டு பக்கமும் வூஃபர், எல்லாம் ஒரே கிடைமட்ட வரிசையில். டிவிக்குக் கீழே அடக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக வந்த வடிவம் இது, ஒலிக்காக வந்தது இல்லை. நேர் எதிரே உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து வூஃபரும் காதுக்கு ஒரே தூரம், பிரச்சினை இல்லை. ஓரத்துக்கு நகருங்கள், ஒரு வூஃபர் கிட்டே வரும், இன்னொன்று தள்ளிப் போகும். இரண்டுக்கும் இடையில் 40 செண்டிமீட்டர் இருந்து, நீங்கள் 25 டிகிரி விலகி உட்கார்ந்தால் வழித்தூர வித்தியாசம் சுமார் 17 செண்டிமீட்டர். 1000 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக அரை அலைநீளம், ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கி இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த இடத்தில்தான் பேச்சு இருக்கிறது. அம்மா சத்தத்தைக் கூட்டச் சொல்வார், கூட்டினால் சண்டைக்காட்சியில் காது கிழியும், மறுபடியும் குறைக்கச் சொல்வார். ரிமோட்டுக்கு ஓய்வே இருக்காது. வூஃபர் நான்கு ஆனதால் இது தீராது, வெளி வூஃபர்கள் இன்னும் தள்ளித்தான் போகின்றன. எல்லா வூஃபரையும் ஒரே அளவு மேலே வரை ஓட்டுகிறார்களா, சிலதை முன்னாலேயே நிறுத்துகிறார்களா என்பதைப் பொறுத்துப் பள்ளத்தின் ஆழம் மாறும்.

தீர்வு பழையது. ட்வீட்டருக்கு நேர் கீழே ஒரு சின்ன நடு சுர ட்ரைவர் வைத்து மூன்று வழியாகப் பிரிப்பது, வூஃபர்கள் இரண்டும் சில நூறு ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எஸ்விஎஸ் என்ற நிறுவனம் 2024-இல் கொண்டுவந்த அல்ட்ரா எவல்யூஷன் சென்டர் அந்த மாதிரி. கேஇஎஃப் வேறு வழியில் அதையே செய்கிறது. கிளிப்ஷ் இந்த வரிசையில் இதுவரை செய்யவில்லை. என்னைக் கேட்டால் அடுத்த தலைமுறையில் பார்க்கத் தகுந்த ஒரே மாற்றம் அதுதான், மற்றதெல்லாம் கிரில் துணியும் பெட்டியின் நிறமும்.

ஹாரன்_பிரியன் | குகை

நிறம் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். ஆனால் சென்டர் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், எங்கள் வீட்டில் நான் நடுவில் உட்கார்ந்துகொள்வதால் இத்தனை நாள் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் உண்மை. வீட்டுக்காரி ஓரத்தில். அவள் படம் பார்க்கும்போது தூங்குவதன் காரணம் இதுவா என்று யோசிக்கிறேன்.

பட்டறை_செவ்வாய்ப்பேட்டை

நீங்கள் சொல்வது எல்லாம் சரி, விலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. புதுத் தலைமுறை அமெரிக்காவில் அறிவித்த அன்றே இங்கே கிடைத்துவிடாது. டாலர் விலையை ரூபாயால் பெருக்கிப் பார்த்து சந்தோஷப்படாதீர்கள், கப்பல் கூலி, சுங்கம், ஜிஎஸ்டி, விநியோகஸ்தர் பங்கு எல்லாம் ஏறி வரும். நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது: புதுசு அறிவித்தவுடன் பழசை கிடங்கிலிருந்து காலி பண்ணப் பார்ப்பார்கள், நான் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வாங்குவேன். அதில் ஒரு கண்ணி. டவர் கிடைக்கும், அதே தலைமுறை சென்டர் தீர்ந்துபோயிருக்கும். முன்னால் உள்ள மூன்றும், அதாவது இரண்டு டவரும் சென்டரும், ஒரே தலைமுறையாக இல்லாவிட்டால், இடமிருந்து வலம் ஓடும் கார் நடுவில் வரும்போது குரல் மாறிவிடும். சரவுண்டும் மேலே மாட்டுவதும் அவ்வளவு கறாராகப் பொருந்த வேண்டியதில்லை.

அப்புறம் முன்பதிவு என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு கடையில் எனக்கு 'அடுத்த கப்பல், அடுத்த கப்பல்' என்றே காலம் ஓட்டினார்கள், பணம் திரும்பி வந்தது, வட்டி யார் கொடுப்பார்? கடை பெயர் இங்கே வேண்டாம். வெள்ளிப் பட்டறை வேலையில் ஒரு நாள் தாமதம் என்றாலே நாங்கள் கணக்குப் பார்ப்போம்.

தறி_பொன்னம்மாபேட்டை

கிளிப்ஷை வைத்திருந்த வாக்ஸ் நிறுவனத்தை 2025-இல் ஜென்டெக்ஸ் வாங்கிவிட்டது. அவர்கள் காருக்குள் தானாக மங்கும் கண்ணாடி செய்கிறவர்கள். ஹோம் தியேட்டரில் பணம் போடுவார்களா? அதைப் பொறுத்துத்தான் புதுசு எப்போது என்பதே.

ஹாரன்_பிரியன் | குகை

2011-இல் வாக்ஸ் வாங்கியபோதும் இதையேதான் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ரெஃபரன்ஸ் பிரீமியரே வந்தது.

மிளகுக்கொடி | ஏற்காடு

முதலாளி மாறுவதைப் பற்றி நாம் பேசி என்ன ஆகப்போகிறது. மலைக்காரியாக ஒன்று சொல்கிறேன், சேலத்தில் இருக்கிறவர்களுக்குத் தேவைப்படாது, ஆனால் இங்கே மேலே வீடு கட்டுகிறவர்கள் இதைப் படிக்கலாம். 1500 மீட்டர் உயரம், ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்பீக்கர் பெட்டி எம்டிஎஃப், மரநாரை அழுத்திச் செய்த பலகை, வெளியே வினைல் ஒட்டியிருந்தாலும் பின்பக்கம் திருகு போட்ட இடம், அடிப்பாகம் எல்லாம் ஈரம் குடித்து ஊதும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், காற்று போகட்டும். வூஃபரைச் சுற்றி ரப்பர் விளிம்பா ஸ்பாஞ்ச் விளிம்பா என்று கேட்டு வாங்குங்கள், ஸ்பாஞ்ச் பொடிந்து உதிரும். காகிதக் கோனை விட அலுமினியம் இங்கே நிம்மதி, அந்த வகையில் கிளிப்ஷின் செம்பு நிறக் கோன் எனக்குப் பிடிக்கும், அது உள்ளே அலுமினியம்தான். சித்திரை வைகாசி இடிமழைக்கு ஆம்ப் ப்ளக்கைப் பிடுங்கி வைப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம்.

தம்பிக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்றுதான்: டவரின் காற்றுத்துளை பின்னால் இருக்கிறது, சுவரிலிருந்து ஓரடியாவது விட்டு வையுங்கள். திரைக்குக் கீழே சென்டருக்கு மேடை கட்டினால் மூன்று பக்கமும் மூடிப் பெட்டி மாதிரி கட்டாதீர்கள். புதுத் தலைமுறை எந்த அளவில் வரும் என்று யாருக்கும் தெரியாது, திறந்த மேடையாக விட்டால் எது வந்தாலும் உட்காரும்.

மாடி_தியேட்டர் | அழகாபுரம்

இதெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இப்படி. ஸ்பீக்கர் மாடல் எதுவானாலும் அது நிற்கும் இடம் மாறாது என்றால், பைப்புக்கு நான் மாடல் முடிவெடுக்கவே தேவையில்லை. சப்வூஃபரும் ஆம்பும் இப்போது. முன்னால் மூன்றும் புதுசு என்ன என்று தெரிந்த பிறகு, சென்டர் மூன்று வழியாக வந்தால் அது, வராவிட்டால் அக்கா சொன்ன பக்கம் போகிறேன், இல்லையென்றால் நேராகப் பட்டறை அண்ணா சொன்ன கிடங்கு விலை. அதுவரை பழைய புத்தக அலமாரி ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வீட்டில் இருக்கிறது, ஓடட்டும். இடங்களை மட்டும் சொல்லிவிடுங்கள், எலக்ட்ரீஷியனுக்கு அப்படியே படம் போட்டுக் கொடுக்கிறேன்.

ஹாரன்_பிரியன் | குகை

டவரும் இல்லாமல் சப்பை மட்டும் வைத்து என்ன படம் பார்ப்பீர்கள் தம்பி, கேட்கவே பாவமாக இருக்கிறது. சரி, உங்கள் பணம். சப் நல்லதாக வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அளவுகோல் | சூரமங்கலம்

முடிந்தால் சின்னதாக இரண்டு சப். ஒன்றை முன் சுவர் நடுவிலும் மற்றதைப் பின் சுவர் நடுவிலும் வைத்தால் அந்த 31 ஹெர்ட்ஸ் மேடு ஒன்றுக்கொன்று அடங்கும். பட்ஜெட் இல்லாவிட்டாலும் பைப் இரண்டுக்கும் விடுங்கள்.

இடங்கள். சரிபாதி 9 அடியில் உட்காராதீர்கள், அங்கே 31 ஹெர்ட்ஸ் பள்ளம். முன் சுவரிலிருந்து 11 அடியில் சோபா. முன் டவர்கள் இரண்டுக்கும் இடையே 9 அடி, பக்கச் சுவரிலிருந்து ஒவ்வொன்றும் ஒன்றரை அடி, உங்கள் பார்வையில் ஏறக்குறைய 24 டிகிரி வரும், தரம் கேட்பது 22 முதல் 30. சரவுண்ட் பக்கச் சுவரில், தலைக்கு 2 அடி பின்னால், காதுக்குக் கொஞ்சம் மேலே. மேலே நான்கு: காதிலிருந்து தளம் ஆறேமுக்கால் அடி, 45 டிகிரி என்றால் முன்னாலும் பின்னாலும் அதே ஆறேமுக்கால் அடி. பின்னால் அது சுவரில் போய் முட்டும், ஓரடி முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள், டால்பி சொல்லும் எல்லைக்குள்தான் இருக்கும். காங்கிரீட்டில் காடி எடுக்க விடாதீர்கள், கம்பி தெரிந்துவிடும். சுவரில் தளத்துக்குக் கீழ் வரை பைப் ஏற்றி, அங்கிருந்து ஃபால்ஸ் சீலிங் உள்ளே அல்லது கேசிங் பட்டையில் கொண்டுபோகலாம்.

தரைக்கு பவானி ஜமுக்காளம் போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள், அது மெலிசு, உச்ச சுரத்தை மட்டும் லேசாகத் தின்னும். பக்கச் சுவரில் ஒலியை உறிஞ்சும் 4 இஞ்ச் ராக்வூல் பலகைகளுக்கு மரச்சட்டம் அறைய இடம் குறித்து வையுங்கள், அங்கே பைப் ஓடக்கூடாது, ஆணி இறங்கும்.

தறி_பொன்னம்மாபேட்டை

ஸ்பீக்கர் வயர் ரெண்டரை ஸ்கொயர் செம்பு போதும். கரன்ட் லைன் போகும் பைப்பில் அதை விடாதீர்கள், தனிப் பைப்.

மாடி_தியேட்டர் | அழகாபுரம்

ப்ரொஜெக்டருக்கு ஹெச்டிஎம்ஐ போகும் பைப் ஒரு இஞ்ச் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன்?

அளவுகோல் | சூரமங்கலம்

போதாது. ப்ளக் தலை வளைவில் சிக்கும், இரண்டு இஞ்ச் போடச் சொல்லுங்கள், எல்போ வேண்டாம், நீள பெண்ட். கேபிள் கெட்டுப்போனால் உருவி மாற்றுவதற்கு நைலான் கயிறு ஒன்றை உள்ளேயே விட்டு இரண்டு முனையையும் கட்டிவைக்கச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன்னால் எல்லாச் சுவரையும் டேப் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.